அருவருப்பு என்னும் அளவுகோல்

1

பெருந்தொற்று அடங்கி அலுவலகத்துக்குத் திரும்பத் தொடங்கியிருந்த சமயம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு பெங்களூரில் நண்பன் அறையில் நான்கு பேர் உட்கார்ந்து 'ஆமிஸ்' பார்த்தோம். பாஸ்கர் ஹசாரிகா இயக்கிய அசாமியப் படம். 2019 ஏப்ரலில் டிரைபெக்கா திரைவிழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, நவம்பரில் அசாம் தியேட்டர்களுக்கு வந்தது. பெரிய கம்பெனி, பெரிய நட்சத்திரம் எதுவும் கிடையாது. அதற்கு முன் அவர் எடுத்த 'கொதாநொடி'யும் அப்படித்தான், சொந்த முயற்சியில் வந்த படம். 'ஆமிஸ்' என்றால் இறைச்சி.

படம் பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும், கதையை முழுக்கச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. நிர்மாலி குவாஹாட்டியில் குழந்தைகள் நல மருத்துவர். திருமணமானவர், கணவர் பெரும்பாலும் ஊரில் இருப்பதில்லை. சுமன் வடகிழக்கு மாநிலங்களின் இறைச்சி உணவுப் பழக்கங்களை ஆராயும் மாணவன். அவன் விதவிதமான இறைச்சிகளைச் சமைத்துக் கொண்டுவருகிறான், அவர் சாப்பிடுகிறார். இருவருக்கும் நடுவில் ஏதோ வளர்கிறது. ஆனால் ஒருவர் விரலை ஒருவர் தொடுவதுகூட இல்லை. தொட முடியாத அந்த உறவில் சுமன் ஒருநாள் தன் உடம்பிலிருந்தே ஒரு துண்டுச் சதையை வெட்டி எடுக்க வைத்து, சமைத்து அவருக்குக் கொடுக்கிறான். அவர் ருசித்துச் சாப்பிடுகிறார். பிறகு அந்த ருசி அவரை விடுவதில்லை. கடைசியில் சுமன் ஒரு ரிக்‌ஷாக்காரரைக் கொல்கிறான், பிடிபடுகிறான். முகம் மூடப்பட்டு, கேமராக்களின் முன்னால் நிற்கும்போதுதான் இருவரும் முதல்முறையாகக் கைகோத்துக்கொள்கிறார்கள்.

சதையை வெட்டும் இடத்தில் ஒருவன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். இன்னொருவன் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டான். நான் கையில் வைத்திருந்த தட்டைக் கீழே வைக்கவில்லை. அதைக் கவனித்த பால்கனிக்காரன் திரும்பி வந்து கேட்டான். "டேய், உனக்கு ஒண்ணுமே ஆகலையா? மனுஷனா நீ?"

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் அந்த வாரம் முழுக்க அந்தக் கேள்வி என் கூடவே வந்தது. அவனுக்குக் குமட்டியது, எனக்குக் குமட்டவில்லை. இந்த இரண்டில் ஒழுக்கத்தில் மேலான நிலை எது? அருவருப்பு வராதவனிடம் ஏதாவது குறைகிறதா?

2

எனக்கு ஆம்பூர். இன்று திருப்பத்தூர் மாவட்டம். நான் பிறந்தபோது வட ஆற்காடு, படிக்கும்போது வேலூர். 'ஆமிஸ்' வெளியான அதே 2019 நவம்பரில்தான் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. மாவட்டப் பெயர் எத்தனை மாறினாலும் வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் பகுதி ஒரே பகுதிதான். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. தோல் ஊர்கள். பெங்களூர் ரயில் எங்கள் ஊரைத் தாண்டும்போது ஜன்னலைச் சாத்துகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்கள் சாத்திய பிறகுதான், அங்கே ஒரு நாற்றம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியவரும்.

நைனா இருபத்தாறு வருஷம் டேனரியில் வேலை பார்த்தார். முதலில் சுண்ணாம்புக் குழிப் பக்கம், பிறகு சதை எடுக்கும் மிஷினில். இந்த வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், கட்டுரைக்கு இது தேவைப்படும்.

பச்சைத் தோல் உப்புப் போட்டுக் கட்டாக வரும். அதை ஊறவைத்து உப்பையும் ரத்தத்தையும் அழுக்கையும் கழுவுவார்கள். பிறகு சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்த தண்ணீரில் போடுவார்கள். முடி கழன்று, தோல் பருத்து, வழவழவென்று ஆகிவிடும். அதன் உட்புறத்தில் சதையும் கொழுப்பும் ஒட்டியிருக்கும். மிஷினில் சுழலும் கத்திகள் அதை வழித்தெடுக்கும். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தோலைக் கொடுத்து வாங்க வேண்டும். நனைந்த மாட்டுத் தோல் என்ன கனம் கனக்கும் என்பது தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அப்புறம் சுண்ணாம்பை நீக்கி, அமிலமும் உப்பும் கலந்த தண்ணீரில் போட்டு, குரோமியம் உப்பைச் சேர்த்து டிரம்மில் உருட்டுவார்கள். வெளியே வரும்போது தோல் வெளிர்நீலமாக இருக்கும். அதற்குப் பெயர் வெட் புளூ. முன்காலத்தில் இதே வேலையை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்தன.

வெட் புளூ அழுகாது. சாவின் நாற்றமும் அதில் இருக்காது. அந்த நிமிஷம் வரை அது செத்த மாட்டின் தோல், அதற்குப் பிறகு சரக்கு. மாட்டைத் தொடத் தயங்குகிற ஒருவர், அந்தத் தோலில் செய்த ஷூவைப் போட்டுக்கொண்டு போர்டு மீட்டிங்கில் உட்காரலாம். எங்கள் ஊரின் தொழில் என்ன என்று யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன்: உலகத்தின் அருவருப்பை நீக்கிக் கொடுப்பது. நீக்கிய அருவருப்பு எங்களிடமே தங்கிவிடும். பாலாற்றில் கொஞ்சம், கிணற்றில் கொஞ்சம், நைனாவின் கையில் கொஞ்சம்.

இன்ஜினியரிங் படிக்கப் போன ஹாஸ்டலில் என் பெட்டியைத் திறந்தால் டேனரி வாடை அடிக்கிறது என்று அறைத்தோழன் ஒருவன் வார்டனிடம் சொல்லி வேறு அறைக்கு மாறிக்கொண்டான். துணிகளை அம்மா இரண்டு முறை துவைத்துத்தான் அனுப்பியிருந்தார். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு உண்மையிலேயே குமட்டியிருக்கும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. குமட்டல் உண்மையானதாக இருப்பதாலேயே அது சரியானதாகவும் இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

3

இந்த நம்பிக்கைக்கு வக்காலத்து வாங்கிய தத்துவவாதிகள் உண்டு. அமெரிக்க அறிஞர் லியோன் காஸ் 1997இல், மனிதரைக் குளோனிங் செய்வதை எதிர்த்து எழுதியபோது, அருவருப்பில் ஒரு ஞானம் இருக்கிறது என்று வாதிட்டார். காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் சில விஷயங்கள் தவறு என்பதை உடம்பு முன்கூட்டியே அறிந்துவிடுகிறது என்பது அவர் தரப்பு. நரமாமிசத்தை நினைத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரியாகத்தான் படுகிறது.

மார்த்தா நுஸ்பாம் 2004இல் எழுதிய நூலில் இதை மறுத்தார். நம் உடம்பும் அழுகக்கூடியது, கசியக்கூடியது, சாகக்கூடியது என்பதை நம்மால் தாங்க முடிவதில்லை. அந்தப் பயத்தை வேறு ஒரு கூட்டத்தின் மேல் ஏற்றிவைத்து, அவர்களை அசுத்தமானவர்கள் என்கிறோம். ஆகவே சட்டமோ அறமோ அருவருப்பை நம்பக்கூடாது என்கிறார் அவர். இதைப் புரிந்துகொள்ள இந்தியாவில் பிறந்தவனுக்கு நூல் தேவையில்லை. செத்த மாட்டைத் தூக்கியவர்களையும் தோலை உரித்தவர்களையும் இந்தச் சமூகம் எங்கே நிறுத்திவைத்தது என்பது நமக்குத் தெரியும்.

அது பழைய கதை என்றும் சொல்லிவிட முடியாது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் ஒரு பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சி பிரியாணி அதில் கிடையாது என்றது. எதிர்ப்பு கிளம்பியது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் மாநில ஆணையம் விளக்கம் கேட்டது, கடைசியில் மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாட்டுத் தோலால் பிழைக்கிற ஊரில், மாட்டிறைச்சிக்கு மட்டும் பந்தலில் இடமில்லை. தோல் பதனிடப்பட்டுவிட்டது, கறி பதனிடப்படவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

தமிழில் இதற்கு இன்னொரு வாசல் இருக்கிறது. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று இளிவரல். அருவருப்பு என்றும் இழிவுணர்ச்சி என்றும் உரை சொல்வார்கள். அது பிறக்கும் இடங்களாகச் சொல்லப்படுபவை நான்கு: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. இந்தப் பட்டியலில் மலமோ பிணமோ ரத்தமோ இல்லை என்பதைக் கவனித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான்குமே நமக்கு நேரக்கூடியவை. கிழமாவது, நோயில் விழுவது, பாடுபடுவது, வலுவில்லாமல் போவது. அருவருப்பு என்பது வெளியே கிடக்கும் ஒரு பொருளைப் பற்றியதல்ல, என் உடம்புக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றியது. நுஸ்பாம் சுற்றிவந்து சேர்ந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இதுவும் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு கூடுதல் சாத்தியம் உண்டு. உன் உடம்புக்கு நேர்வது என் உடம்புக்கும் நேரலாம் என்று உணரும்போது அருவருப்பு இரக்கத்தின் பக்கம் திரும்பவும் செய்யலாம். எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் கேள்வி.

4

ரத்தம் காட்டும் படங்களை உலகம் எப்படி வரவேற்றது என்று தேடிப் படித்ததில், என் தொழில் ஊரே அந்த வரலாற்றின் நடுவில் நிற்பதுபோல இருந்தது.

1974இல் டோபி ஹூப்பர் மிகக் குறைந்த பணத்தில் எடுத்த 'டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' படத்தின் கொலைகாரனுக்குப் பெயரே லெதர்ஃபேஸ். மனிதத் தோலைத் தைத்து முகமூடி போட்டிருப்பவன். அவன் குடும்பம் மாடு அறுக்கும் கூடத்தில் வேலை பார்த்த குடும்பம். சுத்தியலால் அடித்த காலம் போய்க் காற்றுத் துப்பாக்கி வந்து, ஆட்களுக்கு வேலை போனதைப் பற்றிப் படத்திலேயே பேச்சு வருகிறது. பெயரைக் கேட்டவர்கள் ரத்தக்காடு என்று நினைப்பார்கள். உண்மையில் திரையில் தெரியும் ரத்தம் மிகக் குறைவு. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் படம் திறமையாக எடுக்கப்பட்டிருப்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அருவருப்பையும் பயத்தையும் கிளப்புவதைத் தவிர இதற்கு என்ன நோக்கம் என்று கேட்டார். பிரிட்டனில் 1975இல் சான்றிதழ் மறுக்கப்பட்டது. வெட்டில்லாமல் அனுமதி கிடைக்க 1999 வரை ஆனது. இன்று அது கலைப்படைப்பாகப் பாடம் நடத்தப்படுகிறது.

பிரிட்டிஷ் தணிக்கைத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஃபெர்மன் ஒரு திரையிடலில் சொன்னதாக ஒரு செய்தி பரவலாகக் குறிப்பிடப்படுவதுண்டு. நடுத்தர வர்க்கத்து சினிமா ரசிகர்கள் பார்த்தால் பரவாயில்லை, ஆலைத் தொழிலாளி ஒருவன் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர் கேட்டாராம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் நைனா ஆலைத் தொழிலாளி. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தோல்களில் சதை வழித்தவர். அவரை ரத்தத்திலிருந்து காப்பாற்ற லண்டனில் ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார்.

ஜார்ஜ் ஃப்ரான்ஜு 1949இல் பாரிஸின் மாடு அறுக்கும் கூடங்களை இருபது நிமிடப் படமாக எடுத்தார். கறுப்பு வெள்ளை. அமைதியான நகரக் காட்சிகளுக்கு நடுவில் அந்தக் கூடங்களைக் காட்டுவார். மாடுகள் சாவதைவிட என்னை அதிகம் பாதித்தது தொழிலாளிகள் வேலை செய்யும் லாவகம். அந்த லாவகத்தை எனக்குத் தெரியும். நைனா தோலைப் பிடித்து வீசும்போது தோளில் தெரியும்.

நம் ஊருக்கு வருவோம். 2023இல் 'ஜெயிலர்' படத்தை ஆம்பூரில் ஒரு தியேட்டரில் பார்த்தேன். ரஜினி ஒரு தலையைச் சீவுகிறார். விசில் பறந்தது. எனக்கு முன் வரிசையில் ஒரு குழந்தை அம்மா மடியில் பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. படத்துக்கு யு/ஏ சான்றிதழ்தான். அங்கே யாரும் பால்கனிக்கு எழுந்து போகவில்லை. ஆக நமக்குப் பிரச்சினை ரத்தம் இல்லை. வெட்டுகிறவர் யார், வெட்டுப்படுகிறவர் யார் என்று முன்கூட்டியே தீர்த்துக் கொடுத்துவிட்டால் எவ்வளவு ரத்தத்தையும் நம்மால் பார்க்க முடியும். 'ஆமிஸ்' அதைத் தீர்த்துக் கொடுக்கவில்லை. கனிவாகப் பேசும் இரண்டு நல்ல மனிதர்களைக் காட்டி, அவர்களை நாம் விரும்பும்படிச் செய்துவிட்டு, அப்புறம் தட்டை நீட்டுகிறது.

5

'ஆமிஸ்' பரவலாகப் பாராட்டப்பட்ட படம். அனுராக் காஷ்யப் அதைத் தூக்கிப்பிடித்தார். நான் படித்த விமர்சனங்களில் பெரும்பாலானவை ஒரே சாவியைத்தான் பயன்படுத்தின: இறைச்சி இங்கே ஒரு உருவகம். தடுக்கப்பட்ட காமத்தின் உருவகம், திருமணத்தில் பட்டினி கிடக்கும் பெண்ணின் உருவகம், யார் எதைத் தின்ன வேண்டும் என்று கட்டளையிடும் சமூகத்துக்கு எதிரான உருவகம். எல்லாமே பொருந்துகிறது. நானும் நண்பர்களுக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பால்கனிக்காரனுக்குப் பதில் சொல்வதாக நினைத்து, அருவருப்பைத் தாண்டி உருவகத்தைப் பார்க்கத் தெரியாதவன் கலையைப் பார்க்கத் தெரியாதவன் என்கிற தொனியில் எழுதியிருந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது நைனாவிடம் கதையைச் சொன்னேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இந்த மாதிரி கதையை அப்பாவிடம் சொல்வார்களா என்று அம்மா உள்ளேயிருந்து திட்டினார். நைனா முகம் சுளிக்காமல் முழுக்கக் கேட்டார்.

"செத்துப்போனான்ல ரிக்‌ஷாக்காரன், அவனுக்குப் பொண்டாட்டி புள்ள இருந்துச்சா?"

"அது படத்துல வரல நைனா."

"பேரு?"

"ஞாபகம் இல்ல. சொன்ன மாதிரி தெரியல."

"அப்புறம் இன்னாத்த கதை சொன்னாங்க?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பையன் தன் சதையை அறுத்துக் குடுத்தான் பாரு, அது அவன் இஷ்டம். அடுத்தவன் சதை அவனுதா?" என்றார்.

அன்று இரவு என் மின்னஞ்சலை எடுத்துப் படித்தேன். ஆயிரத்துச் சொச்சம் வார்த்தைகளில் ரிக்‌ஷாக்காரர் ஒரே ஒரு இடத்தில் வருகிறார், 'அந்தக் கொலைக்குப் பிறகு' என்று. அவ்வளவுதான். காதலுக்கு இத்தனை பத்தி, உடம்பின் பசிக்கு இத்தனை பத்தி. செத்தவருக்கு மூன்று வார்த்தை, அதிலும் அவர் இல்லை, அவருடைய கொலைதான் இருக்கிறது.

அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. நானும் டேனரி வேலைதான் பார்த்திருக்கிறேன். படம் பச்சைத் தோலாக வந்தது, ரத்தத்தோடும் உப்போடும். அதை ஊறவைத்து, முடியை நீக்கி, ஒட்டியிருந்த சதையை வழித்துப் போட்டு, உருவகம் என்கிற உப்பைப் போட்டு உருட்டி, அழுகாத வாடையில்லாத ஒரு நீலச் சரக்காக நண்பர்களுக்கு அனுப்பிவைத்தேன். வழித்துப் போட்ட சதைதான் அந்த ரிக்‌ஷாக்காரர்.

பால்கனிக்குப் போன நண்பன் படத்தைப் பார்க்க மறுத்தான். நான் பார்த்தேன், ஆனால் பார்த்ததைப் பதனிட்டுவிட்டேன். அவன் குமட்டலும் சரி, என் உருவகமும் சரி, அந்த மனிதர் வரை போகவில்லை.

6

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் இதை முடித்தால் நான் இன்னொரு முறை பதனிடுவதாக ஆகும்.

பாலாறு மாசுபட்டது பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானது அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கைக்காக இன்றும் சட்டக் கல்லூரிகளில் நடத்தப்படும் தீர்ப்பு. டேனரிகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர வேண்டும் அல்லது சொந்தமாக அமைக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்புதான். கழிவு தொட்டிகளில் சேர்ந்தது.

2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படி ஒரு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

நான் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தேன். செய்தியை மொபைலில் பார்த்தேன். நைனாவுக்குப் போன் செய்து, நம்ம ஆளுங்க யாராவதா என்று கேட்டேன். "இல்ல, வெளியூர் பசங்க" என்றார். சரி என்று வைத்துவிட்டேன். அன்று மாலை ரிலீஸ் இருந்தது, வேலையைப் பார்க்கப் போனேன். எனக்குக் குமட்டவில்லை, தூக்கம் கெடவில்லை. திரையில் போலி ரத்தத்தைப் பார்த்து எனக்கு ஏன் குமட்டவில்லை என்று ஒரு வாரம் யோசித்தவன், அந்தச் சேற்றை நினைத்து ஏன் குமட்டவில்லை என்று ஏழு வருஷம் யோசிக்கவே இல்லை. அந்தப் பத்துப் பேரின் பெயர்களை நான் தேடிப் படித்தது நைனா ரிக்‌ஷாக்காரரின் பெயரைக் கேட்ட பிறகுதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன். ரிக்‌ஷாக்காரருக்குப் பெயர் இல்லாமல் விட்டது இயக்குநரின் குறையாக இருக்க வேண்டியதில்லை. நல்ல வீட்டு மனிதர்களின் காதல் பசிக்கு யார் உணவாகிறார்கள் என்பதுதான் படத்தின் குற்றச்சாட்டாக இருக்கலாம். காதலர்களோடு நம்மையும் கூட்டிக்கொண்டு போய், அந்த மனிதரை நாமும் மறக்கும்படிச் செய்து, நம் கையைப் பிடிக்கிறது படம் என்று வாசிக்கலாம். அந்த வாசிப்பு எனக்கு இப்போது பிடித்திருக்கிறது. ஆனால் அது உண்மையாக வேண்டுமென்றால் பார்ப்பவர்களில் யாராவது ஒருவர் அந்தப் பெயரைக் கேட்க வேண்டும். படம் வைத்த கேள்வியை விமர்சனம் எடுக்காவிட்டால் அந்தக் கேள்வி இருந்து என்ன பயன்?

அருவருப்பு அறத்தின் அளவுகோல் அல்ல. என் ஹாஸ்டல் நண்பனுக்கு வந்த குமட்டலும், பிரியாணிப் பந்தலில் மாட்டுக்கறிக்கு மறுக்கப்பட்ட இடமும் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் அருவருப்பு வராதது முதிர்ச்சியும் அல்ல. பழக்கத்தால் மூக்கு மரத்துப்போவதைப் போல, ரசனையாலும் மரத்துப்போகலாம். ரத்தம் தெறிக்கும் ஒரு படத்தை மதிப்பிடும்போது, எனக்கு எவ்வளவு குமட்டியது என்பதும் அதை எவ்வளவு நேர்த்தியாகத் தாண்டினேன் என்பதும் பெரிய விஷயமில்லை. அறுபட்ட உடம்பு யாருடையது, அது கடைசிவரை ஒரு ஆளாக என் கண்ணில் இருந்ததா என்று கேட்டுக்கொள்வதுதான் எனக்கு இப்போது முடிகிற காரியம். அந்தப் படங்களைத் தடை செய்யச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆலைத் தொழிலாளி பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற கவலைக்கு எங்கள் வீட்டு வாசலிலேயே பதில் கிடைத்துவிட்டது.

நண்பர்களுக்கு இரண்டாவதாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். முதலாவது அளவுக்கு நன்றாக அமையவில்லை. பால்கனிக்காரன் மட்டும் பதில் போட்டான், "மறுபடியும் பார்க்கிறேன்" என்று. பார்த்தானா தெரியாது. நைனா அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மட்டும் திடீரென்று கேட்டார்: "ராணிப்பேட்டையில செத்துப்போன பசங்க ஊருக்கு எவனாச்சும் போயிப் பாத்தாங்களாடா?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.